பழைய கணினி: தூக்கிப் போடுவதா, தூசி தட்டுவதா?

சென்னையின் தாம்பரம் வட்டாரத்தில், பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையிலும், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என நீளும் வேளச்சேரி சாலையிலும், நாலைந்து கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் சிறு நிறுவனங்கள் ஏராளம். மருந்து மொத்த விற்பனை, ஆடிட்டர் அலுவலகம், டிரைவிங் ஸ்கூல், ரத்தப் பரிசோதனை நிலையம், டைல்ஸ் கடை, பத்திரம் டைப் செய்து தரும் ஜெராக்ஸ் கடை என்று தொழில் வேறு வேறாக இருக்கலாம். மேசைக்கடியில் இருக்கும் 'சிஸ்டம்' மட்டும் பல இடங்களில் ஒரே ஜாதிதான். 2012-க்கும் 2016-க்கும் இடையில் வாங்கியது. விண்டோஸ் 7-உடன் வந்து, 2015-16-இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10-க்கு மாறியது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால்தான் டேலி திறக்கும். என்ன செய்யலாம் என்று கேட்கும் முதலாளிக்குச் சந்தையில் கிடைப்பவை இரண்டே பதில்கள். விற்பவர் "புதுசு போட்டுடுங்க சார்" என்பார். சர்வீஸ்காரர் "ஒரு ஃபார்மட் போட்டா பறக்கும்" என்பார். இரண்டுமே கணினியின் வயதை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதே சரி. அப்படிப் பார்த்தால் பெரும்பாலான பழைய கணினிகளுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆனால் அந்த ஆயுளைக் கணக்கு எழுதும் மேசையில் கழிக்க விடக்கூடாது. இதுதான் என் கட்சி.

மந்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து அசெம்பிள்டு கேபினெட்டைத் திறந்தால் உள்ளே வழக்கமாக இருப்பவை: எச்61 மதர்போர்டு, இன்டெலின் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜி.பி. டி.டி.ஆர்3 ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விசிறியின் இறக்கைகளை அடைத்துக்கொண்டிருக்கும் தூசி. பிராசசரைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. டேலி, எக்செல், பிரவுசர் மூன்றுக்கும் அது இன்றும் போதும். சுணங்குவது ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டின் மேல் முனை நகர்ந்து நகர்ந்து தேடும் அந்தப் பொறியால், சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை நொடிக்கு நூறு முறை அளவில்தான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் 10-ஓ எழுந்திருக்கும்போதே அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை என்று ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: பிராசசர் பத்து சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். எச்61 போர்டில் இருப்பது பழைய 3 ஜிகாபிட் சாட்டா இணைப்பு, அதில் எஸ்.எஸ்.டி. போட்டால் பாதி வேகம்தான் வரும் என்று சிலர் தடுப்பார்கள். பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது அது உண்மைதான். ஆனால் ஆபீஸ் வேலையில் நாம் உணரும் வேகம் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இருக்கிறது. அதற்கு அந்த இணைப்பு தாராளம். எஸ்.எஸ்.டி.யோடு ரேமை 8 ஜி.பி. ஆக்கி, தூசி தட்டி, பிராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவினால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. ஃபார்மட் போடுவதால் வரும் சுறுசுறுப்பு ஏன் இரண்டு மாதத்தில் கரைந்துவிடுகிறது என்பதற்கும் இதுவே விடை: இடைஞ்சல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்போது மென்பொருளைத் துடைத்து எழுதி என்ன பயன்?

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று. மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வங்கித் தளமோ வரித் தளமோ காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைப் பிரவுசர் அந்தத் தேதியோடு ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லிக் கதவைச் சாத்தும். 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள், "சைட் ஓபன் ஆகலை, சிஸ்டம் போச்சு" என்று எழும் கூக்குரல்களில் சிலவற்றுக்கு மருந்து ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தப் பேட்டரிதான். பழைய கணினியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் எவரும் முதலில் மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வேகம். காசு கொடுத்தால் கிடைக்கும். காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாளில் முழுக்குப் போட்டது. விண்டோஸ் 11-க்கு மாற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக இடமில்லை. நம்முடைய ஐ3 இந்தக் கோட்டுக்கு ஐந்தாறு படி கீழே நிற்கிறது. நீட்டிப்பு வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலை முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. மூன்றையும் கூட்டினால் 427 டாலர், நம் பணத்தில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். சில ஆயிரம்கூடப் பெறாத பெட்டிக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டுப் பயனருக்கான நீட்டிப்பு மலிவு, சில வழிகளில் இலவசம்கூட. ஆனால் அது 2026 அக்டோபர் 13 வரைதான், தொழில் செய்யும் இடத்துக்கென்று தரப்பட்டதும் அல்ல. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் குறுக்குவழிகள் எல்லா சர்வீஸ்காரருக்கும் தெரியும். ஏறவும் ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. அடுத்த கோடு எங்கே விழும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

"எங்க கடையில என்ன சார் இருக்கு திருட? எவன் இங்க வரப்போறான்?" என்ற எதிர்வாதம் இந்த இடத்தில் தவறாமல் வரும். தாக்குபவன் கடையைப் பார்த்து வருகிறான் என்ற எண்ணம்தான் இதில் பிழை. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வான்னாகிரை என்ற வைரஸ் சில நாட்களில் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின; ஆந்திராவில் காவல் நிலையக் கணினிகள் முடங்கின. அதற்கான தடுப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிக்காரர்கள். வைரஸுக்கு முகவரி தெரியாது. திறந்திருக்கும் கதவு எதுவோ அதில் நுழையும். இன்னொன்று, திருட ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. கரண்ட் அக்கவுண்டின் நெட்பேங்கிங், ஜி.எஸ்.டி. கடவுச்சொல், காலையில் செருகியது மாலை வரை அப்படியே நிற்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள், பரிசோதனை நிலையமென்றால் ஊரார் ரத்த அறிக்கைகள் எல்லாம் அந்த ஒரு கணினியில்தான் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதத்தில் நடைமுறைக்கு வரும்போது, தகவலைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு சிறு நிறுவனத்தையும் தொடும்.

ஆகவே கணினிகளை வேலைவாரியாகப் பிரிப்பதுதான் வழி. நடைமுறையில் நம் அலுவலகங்கள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. புதிதாக வாங்கிய கணினி முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போகிறது; அங்கே அது சி.சி.டி.வி. காட்டும், யூடியூப் ஓட்டும். அறையிலிருந்த பழையது ரிசப்ஷனுக்கும், ரிசப்ஷனில் இருந்தது கணக்கு எழுதும் பெண்ணின் மேசைக்கும் இறங்குகிறது. பணம் புழங்கும் வேலை முழுவதும் அலுவலகத்திலேயே மிகப் பழைய கணினியில் நடக்கிறது. இதைத் தலைகீழாக மாற்றச் சொல்வதுதான் ஆலோசகர் தரக்கூடிய மிக மலிவான, மிகக் கசப்பான யோசனை. வங்கி, வரித் தாக்கல், டோக்கன், அலுவலக மின்னஞ்சல் இந்த நான்கும் அப்டேட் வரும் ஒரு கணினிக்குப் போக வேண்டும். அலுவலகம் முழுவதற்கும் அப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். பில் போடுவது, ஸ்கேன் செய்வது, கேமரா பார்ப்பது, லேபிள் அச்சிடுவது போன்றவற்றுக்கு எஸ்.எஸ்.டி. போட்ட பழையது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இணையமே தேவையில்லாத வேலைகளுக்கு இந்தப் பழைய கணினிகளைவிட நல்ல துணை கிடையாது. அழைப்பிதழ், நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி. கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு வேலை அத்தனையும் பேஜ்மேக்கரில் இருக்கும். எழுத்துகள் வானவில், பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல்; அதற்குப் பிறகு அடோபி புதுப் பதிப்பு வெளியிடவே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடாது. புதுக் கணினியில் இவற்றைத் திறக்க மல்லுக்கட்டுவதைவிட, பழையதை விண்டோஸ் 7-இலேயே நிறுத்தி, நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அகலக் காகிதத்தில் நாலு நகல் பில் அடிக்கும் டி.வி.எஸ். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பழைய மாடல்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அதன் தடித்த பேரலல் கேபிளைச் செருகும் துளை புதுக் கணினிகளில் இருப்பதில்லை. ஒரே எச்சரிக்கை பென் டிரைவ்தான். நெட்டைக் கழற்றிவிட்டு, வருகிற வாடிக்கையாளர் நீட்டும் பென் டிரைவையெல்லாம் அதில் செருகினால் கழற்றியதற்கு அர்த்தமில்லை. வெளிக் கோப்பை முதலில் அப்டேட் உள்ள கணினியில் சோதித்த பிறகே இதற்குக் கொண்டுவர வேண்டும்.

லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. லினக்ஸ் மின்ட் 22 இலவசம், 2029 வரை அப்டேட் உண்டு, நம் ஐ3-இல் அலுங்காமல் ஓடும். இந்த யோசனைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து நடத்திய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தின் முயற்சியில்தான் 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகங்களையே சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது. ஆனாலும் அந்தத் தலைமுறை மாணவர்கள் வேலைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது விண்டோஸ் பழக்கத்தைத்தான். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றியதே என்று கேட்கலாம். அங்கே பாடத்திட்டம் ஒன்று, பயன்படுத்தும் மென்பொருள் குறிப்பிட்ட சில, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. வேலை வரையறுக்கப்பட்டிருந்ததால் மாற்றம் தங்கியது. சிறு அலுவலகத்தின் வேலையை அப்படிக் கட்டம் கட்ட முடியாது. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. டோக்கன் மென்பொருள் விண்டோசை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. லினக்சில் ஓட்டிவிட்டாலும் கடைசித் தேதியன்று தகராறு செய்தால் தாம்பரத்தில் ஓடி வந்து பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். ரிசப்ஷன், பிரவுசர் மட்டும் போதும் என்கிற மேசை, கடிதம் டைப் செய்யும் மேசை ஆகியவற்றில் லினக்சைத் தைரியமாகப் போடலாம். கணக்கு மேசையில் வேண்டாம்.

எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிது வாங்கிவிட்டால் தலைவலி தீர்ந்ததே என்பது வசதியுள்ள முதலாளியின் கேள்வி. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டே என்று ஆடிட்டரும் எடுத்துக் கொடுப்பார். லாபம் வரும் நிறுவனத்துக்கு அது சரியான கணக்குதான். ஆனால் இப்போது சந்தை நிலவரம் வாங்குபவர் பக்கம் இல்லை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. விலைகள் ஏறியிருக்கின்றன. பொதுமக்களுக்கு விற்கும் குரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஐந்து கணினிகளை ஒரே மூச்சில் வாங்குவது இரண்டு லட்சத்தைத் தொடும் செலவு. இதற்கும் பழையதற்கும் நடுவே தென்சென்னைக்காரர்களுக்கு வாய்த்த ஒரு வசதி உண்டு. பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் கணினிகளை மாற்றுகின்றன. அவை போன்ற நிறுவனங்கள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கைமாறுகின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் விண்டோஸ் 11-ஐ முறைப்படியே ஏற்கும். கணக்கு மேசைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வாங்கும்போது 'ஐ5' என்ற பெயரில் மயங்காமல் அதன் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்: 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 6500 என்றால் ஆறாம் தலைமுறை. ஐந்நூறோ ஆயிரமோ மிச்சம் பிடிக்க ஆறாம் தலைமுறையை வாங்கினால் பழைய கதைதான்.

பழையது கரண்டைத் தின்னுமே என்றும் சொல்வார்கள். புதுச் சிறு கணினியைவிட 35 வாட் கூடுதலாக எடுக்கிறது, நாளைக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்தாலும் 105 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம். இதற்காக மட்டும் கணினி மாற்றத் தேவையில்லை. உலகம் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதாகவும், அதில் கால் பங்குகூட முறையாக மறுசுழற்சி ஆகவில்லை என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டது. அந்தக் குவியலில் ஒரு பெட்டியை நான்கு ஆண்டு தாமதமாகச் சேர்ப்பதும் ஒரு லாபம்தான்.

உரிமம் இல்லாத விண்டோஸ் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. புதுப்பித்த கையோடு 'ஆக்டிவேட்டர்' போட்டுத் தருவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது ஏழு நாள் சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதமும் சொல்கிறது. சட்டத்தைக்கூட விடுங்கள். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஒரு நிரலை, நெட்பேங்கிங் நடக்கும் கணினியில் நாமே விரும்பி ஏற்றுகிறோம். இதற்குமேல் எஸ்.எஸ்.டி.யால் என்ன பயன்?

செலவு என்று எடுத்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது தகவலை நகலெடுப்பது. ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. மேசைக்கடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் அத்தனை காலம் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்? பல அலுவலகங்களில் பேக்கப் என்பது அதே கணினியின் 'டி' டிரைவில் இருக்கும் ஒரு ஃபோல்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தது. தரையில் வைத்த கேபினெட்டுக்கு அந்த நீரில் 'சி' டிரைவும் 'டி' டிரைவும் ஒன்றுதான். டேலி ஃபோல்டரின் ஒரு நகல் வாரம் ஒருமுறை முதலாளி வீட்டுக்குப் போகும் வெளி டிஸ்க்கிலும், இன்னொன்று கிளவுடிலும் இருக்க வேண்டும். கேபினெட் மேசை மேல் ஏற வேண்டும். கணக்கு மென்பொருளும் பழசு என்றால் அதையும் இப்போதே பாருங்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் திருத்தங்களைத் தானாகப் பதிவு செய்யும் மென்பொருளையே 2023 ஏப்ரல் முதல் பயன்படுத்த வேண்டும். பழைய டேலி ஈ.ஆர்.பி. 9-இலிருந்து டேலிபிரைமுக்கு மாற 64-பிட் விண்டோஸ் வேண்டும். 32-பிட்டில் நிற்கும் கணினியில் ரேமை 8 ஜி.பி. ஆக்கினாலும் அது 4 ஜி.பி.க்கு மேல் கண்டுகொள்ளாது என்பதால், எஸ்.எஸ்.டி. போடும்போதே விண்டோசையும் 64-பிட்டுக்கு மாற்றிவிடலாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் முதலாளி ஒரு தாளில் ஒவ்வொரு கணினியும் என்ன வேலை செய்கிறது, எந்தத் தலைமுறை, எந்த ஆண்டு வரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை ரிச்சி தெரு பார்த்துக்கொள்ளும். கடைசியாக, தவணை முடிந்த பெட்டியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ அனுப்பும் முன், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். டெலீட் செய்த வங்கிக் கணக்கையும் ஆதார் நகலையும் அதிலிருந்து மீட்டெடுக்கும் மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.